அரிசி ஆலைச் சண்டை பார்த்த வீடு

பழைய வீடியோ கசெட்டுகள் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தாருங்கள், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி எங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறோம் என்று போன கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கும்பிடு கையும் பூவும் போட்டு, அந்தக் காலம் இனி வருமா என்று உருகியிருந்தீர்கள். நான் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டு விலகிவிட்டேன். உனக்கு என்ன கோபம், என்ன விசர் என்று ஆளுக்கு ஆள் போன் எடுத்துக் கேட்கிறீர்கள். சரி, கேளுங்கள். ஒருமுறைதான் சொல்லுவேன்.

நீங்களும் நானும் ஒரே வயதுக்காரர்தான். ஐம்பதைத் தாண்டி, முழங்கால் நோவும் பிரஷர் குளிசையுமாகத் திரிகிறோம். எண்பதுகளின் நடுவில் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு சுவிசில் வந்து இறங்கிய பிள்ளைகள் நாங்கள். உங்களில் பாதிப்பேர் அப்போது லாங்கன்தாலிலும் நொஷாட்டலிலும் இருந்தீர்கள். நாங்கள் பீலில் இருந்தோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் கெமைண்டே, அதுதான் நகரசபை, தந்த பழைய வீடு, மூன்றாம் மாடி. நடந்தால் மரத்தரை முனகும். அதற்குக் கீழ்வீட்டுக் கிழவர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார்.

அந்த வீட்டில் இரண்டு குடும்பம். இந்தப் பக்கத்து அறையில் அப்பா, அம்மா, நான். நடைக்கு அந்தப் பக்கத்து அறையில் மாமியும் மாமாவும். குசினி ஒன்று, குளியலறை ஒன்று. மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஊரில் அடுத்த ஒழுங்கை. அப்பா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் மாமி. முதல் குளிர்காலம் முழுவதும் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது அவர்தான். பள்ளிக்கூடத்தால் நான் நடுங்கிக்கொண்டு வந்தால் என் சப்பாத்தைக் கழற்றி, காலை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவார். அந்தக் கைகளில் எப்போதும் பெருஞ்சீரக மணம் இருக்கும்.

மாமிக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பெண் பிள்ளைகளையும் ஊரில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மூத்தவன் படிப்பை விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போய்விட்டான். ஊரில் நான் அவனுடைய சைக்கிள் பாரில் இருந்துதான் பள்ளிக்கூடம் போனவள். நான் அவனை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பாரில் இருந்து அண்ணாந்து பார்த்தால் அவனுடைய முகம் தெரியாது, தாடையின் அடிப்பக்கம்தான் தெரியும். அங்கே கோணலாக ஒரு தையல் போட்ட தழும்பு. கிணற்றுக்கட்டில் விழுந்து வெடித்ததாம். முன்னால் நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

பிறகு ஊரில் அந்தக் கேடுகெட்ட சண்டை வந்தது. ஆமியோடு இல்லை. எங்களுக்குள்ளேயே, ஒரு இயக்கமும் இன்னொரு இயக்கமும். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள், ஒரே கோயில் தேரை இழுத்த பிள்ளைகள், ஆளை ஆள் சுட்டார்கள். அப்பா ஒரு இயக்கத்துக்கு இங்கே வேலை செய்தவர். மாமியின் மகன் மற்ற இயக்கம். பிறகென்ன, எங்கள் குசினியும் இரண்டாகப் போனது.

மின்னடுப்பில் நாலு தட்டு இருந்தது. இடப்பக்கத்து இரண்டும் எங்களுக்கு, வலப்பக்கத்து இரண்டும் அவர்களுக்கு. ஃபிரிட்ஜில் மேல்தட்டு எங்களுக்கு, கீழ்த்தட்டு அவர்களுக்கு. முட்டைக்கு மட்டும் பாகம் பிரிக்க முடியாமல் போக, அப்பா எங்கள் முட்டைகளில் பேனையால் புள்ளி போட்டு வைத்தார். என்ன வெட்கக்கேடு! நாடு கேட்டுப் போராடின சனம் அந்நிய தேசத்தில் முட்டைக்கு எல்லை போட்டுக்கொண்டு நின்றது. மாமாவும் அப்பாவும் நடையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போய்விடுவார். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் என் மூலம்தான்.

"பிள்ளை, குளிக்கிற அறைக்குள்ள இருந்து கவிதை எழுதாமல் கெதியா வெளிய வரச் சொல்லு கொப்பரை," என்பார் மாமா, என் அப்பாவுக்கு.

"துரோகியளுக்கு இந்த வீட்டில அவசரம் ஒண்டும் இல்லையெண்டு சொல்லு உன்ர மாமாவுக்கு." இது அப்பா.

இரண்டு பேருக்கும் நடுவில் நாலு முழம்தான் தூரம். இரண்டையும் இரண்டு பேரும் நன்றாகவே கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஆனாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. அம்மாவும் மாமியும் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் மாமி தன் பக்கத்துச் சட்டியைத் திறந்து எனக்கு ஒரு துண்டு மீன் எடுத்துத் தருவார். அம்மா காணாத மாதிரி ஜன்னலைப் பார்ப்பார்.

அந்தச் சண்டை ஒரு கோடையோடு முடிந்துபோனது. மாமியின் மகன் இருந்த இயக்கம் ஊரில் இனி இல்லை என்றார்கள். ஆனால் கடைசியாகக் கொஞ்சப் பெடியள் ஒரு பழைய அரிசி ஆலைக்குள் நின்று அரைநாள் அடிபட்டார்கள் என்று ஒரு கதை வந்தது. அதில் யார் நின்றது, யார் தப்பியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மகனிடமிருந்து கடிதம் வந்து எத்தனையோ மாதம். மாமி தபால்காரரின் நேரத்துக்குக் கீழே இறங்கிப் போய்ப் படிக்கட்டில் நிற்பார். "குருஸ்ஸெக்" என்று அந்த மனிதர் வணக்கம் சொல்ல, இவரும் "குருஸ்ஸெக்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு ஏறி வருவார்.

அப்போதுதான் அந்தக் கசெட் வந்தது. ஆலைச் சண்டையை யாரோ படம் பிடித்திருந்தார்கள். அப்பாவின் இயக்கத்து ஆட்கள் அதைச் சுவிசில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் காட்டுகிற முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் போர்வையில் சுற்றி, லாங்கன்தாலில் இருந்து ரயிலில் கொண்டுவந்தார்கள். உங்கள் அப்பாமாரும் வந்தார்கள். உங்களில் இரண்டு மூன்று பேரும் வந்தீர்கள். நினைவில்லை என்று சொல்லாதீர்கள். அம்மா விடிய எழும்பி ஆட்டிறைச்சிக் கறியும் பிட்டும் செய்தார். மாமா ஞாயிறு மத்தியானமும் ஹோட்டல் குசினியில் வேலை, அவர் வீட்டில் இல்லை. மாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

பெரியாட்கள் சோபாவிலும் நிலத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தேன். படம் நடுங்கிக்கொண்டு வந்தது. ஆலைச் சுவர், புகை, வேலிக் கரையால் குனிந்து ஓடுகிற பெடியள். வாசலில் கட்டியிருந்த ஒரு ஆடு வெடிச் சத்தத்துக்குத் துள்ளி விழுந்துவிட்டு மறுபடி குழை தின்றது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். சினிமாவில் பேசுகிற மாதிரி ஒரு குரல் பின்னால் பேசிக்கொண்டே போனது. ஆலைக் கதவு விழுந்தபோது முதலில் கை தட்டியவர் அப்பா. பிறகு எல்லாரும் தட்டினார்கள், ஒருவர் விசிலும் அடித்தார்.

பிறகு ஆலை முற்றத்தில் உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்ததைக் காட்டினார்கள், அதற்கும் தட்டினார்கள். யாரோ ஒருவருடைய கை மட்டும் வந்து, ஒவ்வொரு முகத்தையும் தாடையில் பிடித்து நிமிர்த்திக் காட்டியது. கடைசி முகத்தை அந்தக் கை நிமிர்த்தியபோது நான் தழும்பைக் கண்டேன்.

"அண்ணை!" என்று கத்திவிட்டேன். "எங்கட அண்ணை!"

கை தட்டல் அப்படியே நின்றது. "சும்மா இரு. அது வேற ஆள்," என்றார் அப்பா. ஆனால் நடைக்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மாமி அங்கே நின்றார்.

"தம்பி, அதை ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ," என்றார், டெக்கோடு இருந்த பெடியனிடம். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவன் திருப்பிப் போட்டான். மாமி ஆட்களுக்கு நடுவால் வந்து எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அந்த முகம் வந்தது, போனது. இன்னும் ஒருக்கா என்றார். இந்தமுறை அவன் படத்தை அசையாமல் நிறுத்தினான். கோடு கோடாக நடுங்கிக்கொண்டு அந்த முகம் நின்றது. ஒரு தாய் குழறப் போகிறாள் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சிலபேர் அதைப் பார்க்க ஆசையாகவே இருந்தார்கள், நான் அவர்களுடைய முகங்களைப் பார்த்தேன்.

மாமி எழும்பிச் சேலையைச் சரி செய்தார். "இல்லை. இது என்ர பிள்ளை இல்லை," என்றார். வந்த வழியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தியோ, பேய்ப் பெட்டை!" என்று அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். எல்லாருக்கும் உயிர் வந்தது. பிட்டும் இறைச்சிக் கறியும் பரிமாறச் சொன்னார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள்.

டெக்கைத் திரும்ப எடுத்துப் போக ஆள் புதன்கிழமை பின்னேரம்தான் வரும் என்றிருந்தது. அதுவரை பெட்டியும் கசெட்டும் எங்கள் அறையிலேயே இருந்தன. திங்கட்கிழமை அடுப்பின் வலப்பக்கம் எரியவில்லை. செவ்வாய்க்கிழமையும் எரியவில்லை. மாமா வேலையிடத்தில் சாப்பிடுகிறவர், அவருக்கு அது தெரியாது. அப்பா கண்டார். "அவவுக்குக் கோபம். பட்டினி கிடந்து காட்டுறா," என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. உள்ளியும் வெங்காயமும் போடாமல் சோறும் பருப்பும் மட்டும் காய்ச்சி, மூடி, மாமியின் கதவைத் தட்டிக் கொடுத்தார். மாமி வாங்கிக்கொண்டார்.

"ஏனடி அங்க சாப்பாடு போகுது?" என்று அப்பா எகிறினார்.

"செத்தவீட்டில அடுப்பு மூட்டாயினம். அயல்வீட்டுக்காரர்தான் குடுக்கிறது," என்றார் அம்மா. "அதையும் உங்களிட்டக் கேட்டுத்தான் செய்யோணுமோ?"

அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புதன் பின்னேரம் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, உங்களுக்குத் தெரியும்தானே. அம்மா துப்புரவு வேலைக்குப் போயிருந்தார். மாமி எங்கள் அறைக்கு வந்தார். முழுகி, ஈரத்தலையை முடிந்திருந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் பச்சையரிசி.

"பிள்ளை, உனக்கு அதைப் போடத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். பெடியன் அமத்தினதையெல்லாம் பார்த்துப் பழகியிருந்தேன். ஓட்டி, அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். மாமி பெட்டிக்கு முன்னால் இருந்தார். முதலில் அந்தக் கண்ணாடியைக் கையால் தடவினார். சுர்ரென்று மின்சாரம் இழுத்து அவருடைய கைமயிர் எழும்பி நின்றது. பிறகு விரல் நுனியால் அரிசி எடுத்து, திரையில் அவனுடைய வாய் இருந்த இடத்தில் வைத்தார். அரிசி உருண்டு கம்பளத்தில் விழுந்தது. திரும்ப எடுத்து வைத்தார். திரும்ப விழுந்தது. சத்தம் போடாமல் அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு மட்டும் குலுங்க அழுதார்.

அப்பாவுக்கும் ஒரு ஹோட்டலில்தான் வேலை, மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் விடுகிற இடைவேளையில் அவர் வந்தார். கதவு திறந்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார். டெக் நிறுத்தினதைத் தானாகவே விட்டு, படம் திரும்ப ஓடத் தொடங்கியது. சினிமாக் குரலும் தாளமும் கிளம்பின. அப்பா பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கினார். நிலத்தில் கிடந்த அரிசியைப் பார்த்தார்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால இல்லையெண்டு சொன்னனீங்கள்," என்றார். குரல் கல்லாக இருந்தது. "அது இல்லைதான். விளங்குதோ? ஊரில ரெண்டு குமர் இருக்குது. அதுகள் இஞ்ச வந்து சேருமட்டும் அது உங்கட பிள்ளை இல்லை. அத்தானுக்கும் சொல்லாதேங்கோ, அவருக்கு வாய் நிக்காது."

மாமி தலையாட்டினார். அரிசியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு நான் அப்பாவை வெறுத்தேன். பெற்ற தாயைப் பார்த்து இப்படியும் ஒரு மனிதன் சொல்லுவானா என்று நினைத்தேன். மகன் ஆலைக்குள் நின்று கடைசிவரை அடிபட்டுச் செத்தவன் என்று ஊரில் தெரிந்தால் அந்த நாட்களில் தங்கச்சிகளுக்கு என்ன நடக்கும் என்ற பயம் எனக்கு எங்கே விளங்கும். கொஞ்சம் வளர்ந்து விளங்கியபோது, அப்பா செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மாமாவுக்கு மாமி சொல்லவில்லை. நாலு பேர் வந்து, "அக்கா பாத்து இல்லையெண்டிட்டா" என்று மாமாவுக்குச் சொன்னார்கள். அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். மகன் தப்பி இந்தியாவுக்குப் போயிருப்பான், அங்கிருந்து வருவான் என்றார். ஒவ்வொரு வருடமும் மலிவு விற்பனையில் மகனுக்கு ஒரு குளிர் ஜாக்கெட் வாங்குவார். அவன் வளர்ந்திருப்பான் என்று அடுத்த வருடம் அதைவிடப் பெரிய அளவில் இன்னொன்று வாங்குவார். மாமி அவற்றை அலுமாரியில் தொங்கவிடுவார். காணுகிற சனத்திடமெல்லாம் மகனைப் பற்றி விசாரிக்கிற வேலையையும் மாமிதான் செய்தார். விசாரிக்காமல் விட்டால் சந்தேகப்படுவார்களே. செத்த பிள்ளையைத் தேடித் திரிந்தார் அந்த மனுசி, நாலு வருடம்.

எண்பதுகள் முடிகிற நேரத்தில் இரண்டு பெண் பிள்ளைகளும் சுவிசுக்கு வந்து சேர்ந்தார்கள். நாங்கள் அப்போது தனி வீட்டுக்கு மாறிவிட்டோம். எனக்குப் பதினாலு வயது. ஒருநாள் மாமியும் மாமாவும் எங்கள் வீட்டு மணியை அடித்தார்கள். மாமா அப்பாவோடு கதைத்துப் பல வருடமாகியிருந்தது. கதிரையில் இருக்கவும் இல்லை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி," என்றார் மாமி, "பிள்ளையள் வந்திட்டுதுகள். இனிப் பயமில்லை. நான் இவருக்கு எல்லாத்தையும் சொல்லிப் போட்டன். இவர் நம்புறாரில்லை. பிள்ளை உயிரோட இருக்கேக்க திவசம் குடுக்கிறதோ எண்டு என்னோட சண்டை பிடிக்கிறார். தகப்பன் குடுக்காமல் ஆர் குடுக்கிறது? நீங்கள் கண்டனீங்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நான் கும்பிட்டுக் கேக்கிறன்."

மாமா அப்பாவைப் பார்த்தார். "நீ அந்தப் படத்தை வடிவாப் பாத்தனி. என்ர பிள்ளையோ, இல்லையோ?"

ஓம் என்று ஒரு சொல். அது போதும். அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்.

"இல்லை அத்தான்," என்றார். "அது வேற ஆள்."

"பொய்!" என்று நான் கத்தினேன். "மாமா, அது அண்ணைதான். தாடைக்குக் கீழ தழும்பு இருந்தது. நானும் கண்டனான், அப்பாவும் கண்டவர்."

"வாயைப் பொத்தடி! அப்ப நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்?"

இந்தமுறையும் அந்தப் பெண் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வராதீர்கள். காப்பாற்ற அங்கே இனி ஒருவரும் இல்லை. ஓம் என்றால், அந்தப் பிள்ளையின் பிணத்துக்கா நீ கை தட்டினாய் என்று மாமா கேட்பார். அதற்குப் பதில் சொல்ல என் அப்பாவுக்கு முதுகெலும்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மாமா தொப்பியை மேசையில் வைத்தார். கிட்டப் போய் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னனான்தானே! இவளுக்கு விசர். நீ நல்லாயிருப்பாய் தம்பி, என்ர வயித்தில பாலை வாத்தாய்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அப்பா அவரைக் கதிரையில் இருத்தினார். அத்தானுக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி அம்மாவை ஏவினார். அம்மா அசையவில்லை. அப்பாவே எழும்பிப் போய்க் கேத்திலை வைத்தார். அன்றிலிருந்து சாகும்வரை அவர்கள் இரண்டு பேரும் இணைபிரியாத கூட்டாளிகள்.

மாமி நடையில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரோடு கீழே இறங்கினேன். பஸ் நிற்கிற இடம்வரை நடந்தோம். பஸ் வருவதைக் கண்டதும் என் கையைப் பிடித்தார்.

"கொப்பர் என்ர பிள்ளையைச் சாகவும் விடுறாரில்லை, பிள்ளை," என்றார்.

பஸ் வந்து நின்றது. சாரதி, பீல் வழக்கப்படி, ஜெர்மன், பிரெஞ்சு இரண்டு மொழியிலும் வணக்கம் சொன்னான். மாமியும் வணக்கம் சொல்லிவிட்டு ஏறினார்.